அவசரத்தின் விலை

சென்ற ஆண்டு அக்டோபர் மாதத்து அடைமழையில், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, நமது பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் ஆண்டவரில் துயில்கொண்டார். நோயிற்பூசுதல் பெற்று, குடும்பத்தார் சுற்றியிருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, அமைதியாகப் பிரிந்த உயிர் அது. நாம் செபித்து முடித்து எழுந்தபோது மணி 10. அவருடைய மூத்த மகன் வாழும் டொராண்டோ நகரில் அப்போது நண்பகல் 12.30.

செய்தி சொல்லி முடித்த சில நிமிடங்களில் அந்த வீட்டுத் திண்ணையில் வேறொரு வேலை தொடங்கியது. பெரியவரின் பேரன் ஒருவர் கைப்பேசியை வைத்துக்கொண்டு, கடலுக்கு அப்பாலிருந்த தம் பெரியப்பாவுடன் பேசியபடியே விமானம் தேடினார். 12,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். நேராக வரும் விமானம் கிடைக்கவில்லை. இரண்டு நகரங்களில் இறங்கி, ஒவ்வொன்றிலும் நெடுநேரம் காத்திருந்து வரும் வழி ஒன்று இருந்தது. அது விலை குறைந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைதான் சென்னைக்கு வந்து சேரும். இன்னொரு வழி உண்டு. ஆனால் இடையில் இறங்கும் நாட்டில் விமானம் மாறுவதற்கே இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் விசா பெற வேண்டும் என்றார்கள். அதை ஒரு பிற்பகலில் எங்கே போய் வாங்குவது? மூன்றாவது வழி அன்றிரவே புறப்பட்டு, ஒரே இடத்தில் மாறி, வியாழன் விடியலில் சென்னையை அடைவது. அதன் கட்டணம், சில மாதங்களுக்கு முன் அதே மகன் குடும்பத்தோடு ஊருக்கு வந்தபோது ஆளுக்குக் கொடுத்ததைப்போல் இருமடங்குக்கும் மேல். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தொகை இன்னும் ஏறிற்று. "பதிவு செய்துவிடு" என்ற குரல் கைப்பேசியில் கேட்டது. வியாழன் மாலை அடக்கத் திருப்பலி நடந்தது. மகன் தந்தையின் முகத்தைப் பார்த்தார்.

ஏழாம் நாள் திருப்பலி முடிந்தபின், கோவில் முற்றத்தில் அவர் நம்மோடு சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தார். விமானத்தில் அவருக்கு அடுத்த இருக்கையில் விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர் ஒருவர் இருந்தாராம். அவர் நான்கு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தவர். கொடுத்த கட்டணம் இவர் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே விமானம், ஒரே வரிசை, ஒரே உணவு. இதைச் சொல்லிவிட்டு அவர் நம்மைக் கேட்டார்: "சாமி, அப்பா செத்ததுக்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கினாங்களா?"

நாம் உடனே பதில் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவர் கேட்கும் கேள்விகள் பலவும் பதிலை எதிர்பார்ப்பவை அல்ல, உடனிருப்பதையே எதிர்பார்ப்பவை. ஆயினும் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. அயல்நாட்டில் பிள்ளை இல்லாத வீடு நம் பங்குகளில் இன்று அரிது. பயணச்சீட்டு தேடாத குடும்பமும் அரிது. ஆகவே இக்கேள்வியை வாசகர்களோடு சேர்ந்து சற்று ஆய்ந்து பார்க்க விழைகின்றோம்.

முதலில், இக்கட்டணம் எவ்வாறு அமைகின்றது என்பதைத் தெரிந்துகொள்வோம். ஒரு காலத்தில் அயல்நாட்டு விமானக் கட்டணம் ஏறத்தாழ நிலையானதாக இருந்தது. 1945ஆம் ஆண்டில் ஹவானா நகரில் உருவான பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் மாநாடுகளில் நிறுவனங்கள் கூடிக் கட்டணத்தை வகுக்கும். அரசுகள் அதற்கு ஒப்புதல் தரும். விலை அதிகம்தான், ஆனால் அதே வகுப்பில் பயணம் செய்பவர்களுக்குள் பெரிய வேறுபாடு இராது. பின்னர் இருக்கைகளை நிரப்புவதற்காக, முன்கூட்டியே பதிவு செய்வோருக்குச் சலுகை தரும் வழக்கம் வந்தது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனம் 21 நாள்களுக்கு முன் பதிவு செய்தால் குறைந்த கட்டணம் என்று விற்றது. அப்போது ஒரு கணக்கு எழுந்தது: எத்தனை இருக்கைகளை மலிவாக விற்கலாம்? கடைசி நேரத்தில் முழுக் கட்டணம் கொடுத்து வருவோருக்காக எத்தனையை நிறுத்திவைக்கலாம்? அந்நிறுவனத்தைச் சேர்ந்த கென் லிட்டில்வுட் என்பவர் 1972இல் இதற்கு ஒரு விதி கண்டார். பின்னால் முழு விலைக்கு ஒருவர் வருவார் என்னும் நம்பிக்கையின் மதிப்பு, இப்போது கையில் வரும் மலிவு விலையைவிடக் கூடுதலாக இருக்குமாயின், அந்த இருக்கையை இப்போது விற்காதே என்பதே அவ்விதி.

1978ஆம் ஆண்டில் அமெரிக்கா உள்நாட்டு விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டைச் சட்டத்தின் வழியாக நீக்கியது. மிகக் குறைந்த கட்டணத்தோடு வந்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற புதிய நிறுவனத்தை எதிர்கொள்ள, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985இல் மேற்சொன்ன கணக்கைக் கணினியின் துணையோடு பெரிய அளவில் கையாண்டது. முன்கூட்டி வாங்குவோருக்கு மிக மலிவு. கடைசியில் வருவோருக்குப் பழைய விலை. 1987இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் மறைந்தது. கணக்கு மட்டும் உலகெங்கும் பரவி நிலைத்தது. இன்று ஒரே வகுப்பின் இருக்கைகள் பத்துக்கும் மேற்பட்ட கட்டணப் படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஓர் எழுத்து அடையாளமாக இடப்படுகின்றது. கீழ்ப்படிகள் விற்றுத் தீரத் தீர, அல்லது புறப்படும் நாள் நெருங்க நெருங்க, அவை ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. திண்ணையில் அமர்ந்திருந்த நம் கண்முன் விலை ஏறியது இவ்வாறுதான்.

எனவே அந்த மகனுடைய கேள்விக்கு ஒரு நேரடியான பதில் உண்டு. அவருடைய தந்தை இறந்ததை நிறுவனம் அறியாது. இன்று வாங்கி இன்றே புறப்பட ஒருவர் வருகிறார் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இப்படி வருபவர்களுள் பலர் வணிகத்திற்காகச் செல்பவர்கள். அவர்களுடைய செலவை அவர்களது நிறுவனம் ஏற்கும். அவர்களை மனத்தில் வைத்து நெய்த வலையில் துக்கம் சுமந்தவரும் அகப்பட்டுக்கொள்கின்றார். இது உண்மையான பதிலே. ஆனால் முழுமையான பதிலாகத் தோன்றவில்லை. கடைசி நேரத்தில் வருபவர் யாராயினும், அவரால் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள இயலாது என்பதை அறிந்தே அந்த விலை வைக்கப்படுகின்றது. தந்தையின் சாவுக்கு விலை இல்லை. தட்ட முடியாத அவசரத்திற்கு விலை உண்டு. இது நீதியா?

காலத்திற்கேற்ப விலை மாறுவதே தவறு என்று நாம் சொல்லிவிட முடியாது. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில், நிலத்தை விற்பவர் அடுத்த யூபிலி ஆண்டுக்கு எத்தனை ஆண்டுகள் உள்ளன என்று கணக்கிட்டு விலை வைக்க வேண்டும் எனத் திருச்சட்டம் கூறுகின்றது. ஆண்டுகள் மிகுந்தால் விலை கூடும்; குறைந்தால் விலை குறையும். அங்கே விற்கப்படுவது விளைச்சல்களின் எண்ணிக்கை. பொருள் மாறுவதால் விலையும் மாறுகின்றது. அதே இடத்தில், ஒருவரையொருவர் ஏமாற்றலாகாது என்ற கட்டளையும் சேர்ந்தே நிற்கின்றது. விலை மாறலாம், ஆனால் மாற்றத்திற்குப் பொருளிலோ விற்பவரின் இழப்பிலோ ஒரு காரணம் இருக்க வேண்டும்.

இதை மிகத் தெளிவாக ஆய்ந்தவர் புனித தோமா அக்குவினா. 13ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பிரிவில், 77ஆம் வினா வாங்குதல் விற்றலில் நேரும் வஞ்சகம் பற்றியது. குருமடத்தில் இதைப் படித்தபோது, சந்தையில் தானியம் விற்போரைப் பற்றிய பழைய செய்தி என்றே எண்ணினோம். இன்று திண்ணையில் நடந்ததைப் பற்றியே அவர் எழுதியதுபோல் இருக்கின்றது. அவர் இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டுகின்றார். ஒரு பொருள் வாங்குபவருக்கு மிகவும் தேவைப்படுகின்றது. அதைக் கொடுத்துவிட்டால் விற்பவருக்கும் இழப்பு நேருகின்றது. அப்போது விற்பவர் தம் இழப்பையும் விலையில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வாங்குபவருக்கு அப்பொருளால் பெரும் பயன் உண்டாகி, விற்பவருக்கோ அதைக் கொடுப்பதால் தனிப்பட்ட இழப்பு எதுவும் இல்லையென்றால், அப்பயனைக் காரணம் காட்டி விலையை உயர்த்தக்கூடாது. ஏன்? அப்பயன் விற்பவரிடமிருந்து வரவில்லை. வாங்குபவருடைய நிலைமையிலிருந்து வருகின்றது. தமக்குச் சொந்தமல்லாத ஒன்றை எவரும் விற்கலாகாது.

இந்தக் கடைசிக் கருத்தை நாம் நின்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். தந்தையை இறுதியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற தவிப்பு மகனுக்கு உரியது. அதை நிறுவனம் உண்டாக்கவில்லை. இருக்கை நிறுவனத்திற்குரியது, அதை விற்கலாம். தவிப்பை அவருக்கே திரும்ப விற்க நிறுவனத்திற்கு ஏது உரிமை?

அதற்காக நிறுவனத்தின் தரப்பைக் கேளாமல் தீர்ப்பிடுவதும் நீதியாகாது. கடைசி நேரத்தில் வருபவருக்காக ஓர் இருக்கை காலியாக இருந்ததே, அது தானாக நேர்ந்ததன்று. மலிவாக விற்றிருக்கக்கூடிய இருக்கையை விற்காமல் வைத்திருந்ததால்தான் அது அன்றிரவு கிடைத்தது. எவரும் வராமற்போனால் அது வீண். விமானம் மேலெழுந்த பிறகு காலி இருக்கைக்கு மதிப்பில்லை. மறுநாள் காலைவரை வைத்திருந்த மன்னாவைப்போல் அது கெட்டுப்போகின்றது. இந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டதற்கு ஒரு கூலி உண்டு என்று நிறுவனம் சொன்னால், அதை அக்குவினாவும் மறுக்கமாட்டார். விற்பவரின் இழப்பு விலையில் சேரலாம் என்றவர் அவரே. ஆகவே மாணவர் கொடுத்த விலையைவிட மகன் கொடுத்த விலை சற்று கூடுதலாக இருந்தது என்பதில் அநீதி இல்லை. அந்தக் கூடுதலுக்கு எல்லை எது என்பதே கேள்வி. இழப்பு வரும் ஆபத்தை ஈடுசெய்யும் அளவு வரையில் அது விலை. அதைக் கடந்து, 'இவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது' என்பதையே அளவுகோலாகக் கொண்டு ஏறும்போது அது வேறொன்றாகிவிடுகின்றது.

அந்த வேறொன்றுக்குத் திருநூலில் ஒரு படம் உண்டு. தொடக்க நூலின் 25ஆம் அதிகாரத்தில், களைத்துப் பசித்து வயலிலிருந்து வருகின்றான் ஏசா. கூழ் சமைத்துக்கொண்டிருக்கின்றான் யாக்கோபு. தம்பி கேட்ட விலை தலைமகனுரிமை. அண்ணன் ஒப்புக்கொள்கின்றான், ஆணையும் இடுகின்றான். சட்டப்படி பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. இருவரும் சம்மதித்த வணிகம் அது. தன் உரிமையை அற்பமாக எண்ணிய ஏசாவை வேதம் கடிந்துகொள்கின்றது. நாமும் மறைக்கல்வி வகுப்புகளில் அவ்வாறே கற்பிக்கின்றோம். ஆனால் யாக்கோபைப் பற்றி நாம் கேட்பதில்லை. அவன் விற்றது கூழையா, அண்ணனின் பசியையா?

'யாரும் கட்டாயப்படுத்தவில்லை, விருப்பமிருந்தால் வாங்கலாம், இல்லையேல் விடலாம்' என்று சொல்வோர் உண்டு. திருச்சபையின் சமூகப் போதனை இதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே விடை தந்துவிட்டது. தொழிலாளரின் கூலியைப் பற்றிப் பேசிய திருத்தந்தை 13ஆம் சிங்கராயர், 1891இல் வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலில், இருவர் மனமொத்துச் செய்துகொண்ட ஒப்பந்தம் என்பதால் மட்டும் அது நீதியாகிவிடாது என்று விளக்கினார். வேறு வழியின்மையால் கடுமையான நிபந்தனைக்கு உடன்படுபவர் உண்மையில் வலிமைக்குப் பலியானவர் என்பது அவர் கருத்து. திருத்தந்தை 6ஆம் சின்னப்பர் 1967இல் இதே நெறியைச் செல்வ நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் இடையிலான வணிகத்திற்கும் விரித்துரைத்தார். கூலிக்கும் நாடுகளின் வணிகத்திற்கும் பொருந்தும் ஒரு நெறி, துக்க வீட்டாரின் பயணச்சீட்டுக்குப் பொருந்தாமற்போக காரணம் ஏதும் நமக்குப் புலப்படவில்லை.

இன்னொரு வாதமும் உண்டு, அது வலிமையானது. பொருளியலறிஞர் சிலர் சொல்வார்கள்: 'இருக்கை ஒன்றுதான், வேண்டுவோர் பலர். விலை உயரும்போது, அதிகம் தேவைப்படாதவர் விலகிக்கொள்வார். மிகுந்த தேவையுள்ளவருக்கு அது கிடைக்கும். விலையே நீதியான பங்கீடு செய்கின்றது.' கேட்பதற்குச் சரியாகவே தோன்றுகின்றது. நாமும் ஒருவேளை இதை ஏற்றிருப்போம், இன்னொரு மகனை நாம் அறியாதிருந்தால்.

அவரும் நமது பங்கைச் சேர்ந்தவரே. வளைகுடா நாடொன்றில் கட்டட வேலை செய்கின்றார். மேற்சொன்ன பெரியவர் இறப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் அவருடைய தாய் இறந்தார். டொராண்டோவைவிட அவர் இருந்த இடம் நமக்கு எவ்வளவோ அருகில். சில மணி நேரப் பயணம். விடுப்பும் கிடைத்தது. ஆனால் திருவிழாக் கால நெரிசலில், அன்றைக்குப் புறப்படும் பயணச்சீட்டு அவருடைய இரண்டு மாத ஊதியத்தை விழுங்குவதாக இருந்தது. வீட்டுக் கடன் முடியவில்லை. தங்கையின் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அவர் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவருடைய தம்பி கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நாம் பெட்டியை மந்திரித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சிறு திரையில், தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் முழந்தாளில் இருப்பது தெரிந்தது. அவர் நம்மிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

இவ்விரு மகன்களுள் யாருடைய தேவை பெரிது? எந்தத் தராசில் இதை நிறுப்பது? தாயைப் பார்க்கும் தவிப்பு தந்தையைப் பார்க்கும் தவிப்புக்குக் குறைந்ததா? விலை தேவையை அளக்கின்றது என்பது உண்மையானால், இரண்டாமவர் வராததற்கு அவருக்குத் தேவை குறைவாயிருந்தது என்று பொருளாகும். அப்படிச் சொல்ல யாருக்கும் நா எழாது. விலை அளந்தது தேவையை அன்று, பணப்பையை. முதல் மகனிடம் அது பணத்தைப் பறித்தது. அவர் வருந்தினார், நம்மிடம் முறையிட்டார். இரண்டாம் மகனுக்கு அது கதவையே அடைத்தது, அவர் பேசாதிருந்துவிட்டார். உயர்ந்த விலை செய்யும் அநீதியில் பாதியை நாம் காண்பதே இல்லை. ஏனெனில் வர இயலாதவர் வந்து முறையிட மாட்டார்.

மேலே மன்னாவைக் குறிப்பிட்டோம். விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரத்தில் அதைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. மிகுதியாகச் சேகரித்தவருக்கு எதுவும் மிஞ்சவில்லை; குறைவாகச் சேகரித்தவருக்கு எதுவும் குறைவுபடவில்லை; ஒவ்வொருவரும் தம் வீட்டார் உண்ணும் அளவுக்கே பெற்றனர். தேவை அங்கே பங்கீட்டின் அளவாக இருந்தது. நம் காலத்தில் தேவை விலையின் அளவாகிவிட்டது. பாலைநிலத்து ஒழுங்கை அப்படியே விமான நிலையத்தில் நிறுவிவிட முடியாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் எந்தத் திசையை நோக்கி நடக்க வேண்டும் என்பதை அது காட்டுகின்றது.

அத்திசையில் நடக்க வழியே இல்லையா? உண்டு. சில நிறுவனங்கள் நெருங்கிய உறவினரின் இறப்புக்காகப் பயணம் செய்வோருக்குத் துக்கக் கட்டணம் என்ற சலுகையை வழங்கிவருகின்றன. துக்கத்தையும் வணிகத்தையும் பிரித்தறிய முடியும் என்பதற்கு இதுவே சான்று. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் சில 2014இல் இச்சலுகையைக் கைவிட்டன. அரசும் தலையிட இயலும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மே மாதம் முதல் 2022 ஆகஸ்டு இறுதி வரை, இந்திய அரசு உள்நாட்டு விமானக் கட்டணங்களுக்கு எல்லை வகுத்திருந்தது. கட்டணத்திற்கு வரம்பிட்டால் வானம் இடிந்து விழுந்துவிடும் என்பதில்லை.

'விலையை மனிதர் எவரும் வைப்பதில்லை, கணினியே வைக்கின்றது, இதில் யாரைக் குறை சொல்வது?' என்ற சமாதானத்தையும் நாம் கேட்கின்றோம். இதற்குக் கனடாவில் ஒரு தீர்ப்பாயம் பொருத்தமான விடை தந்தது. 2022 நவம்பரில் பாட்டியை இழந்த ஒருவர், ஏர் கனடா நிறுவனத்தின் வலைத்தளத்தில் இருந்த தானியங்கி உரையாடியிடம் துக்கக் கட்டணம் பற்றி வினவினார். முழுக் கட்டணம் செலுத்திப் பயணம் செய்துவிட்டுப் பிறகு சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அது கூறியது. நிறுவனத்தின் விதியோ அதற்கு நேர்மாறானது. பயணத்திற்குப் பின் கேட்டால் சலுகை இல்லை. வழக்கு வந்தபோது, அந்த உரையாடியின் கூற்றுக்குத் தான் பொறுப்பில்லை என்று நிறுவனம் வாதிட்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்துத் தீர்ப்பாயம் இதனை ஏற்க மறுத்து, இழப்பீடு வழங்கப் பணித்தது. இயந்திரம் பேசினாலும் பொறுப்பு மனிதருடையதே. விலைக்கும் இதுவே பொருந்தும். கணினிக்கு மனச்சான்று இல்லை. அதற்குக் கணக்கைக் கற்பித்தவருக்கு உண்டு.

இதுவரை நிறுவனங்களைப் பற்றிப் பேசினோம். இத்தோடு நிறுத்திக்கொண்டால், தம் கண்ணிலிருக்கும் மரக்கட்டையை மறந்தவராவோம். அந்த விமானத்தில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்துப் பயணம் செய்த மாணவரை நினைத்துப் பாருங்கள். அவர் தவறு எதுவும் செய்யவில்லை. ஆனால் அவருடைய மலிவு எங்கிருந்து வந்தது? விமானத்தின் மொத்தச் செலவை எல்லா இருக்கைகளும் சேர்ந்தே ஈடுசெய்கின்றன. கடைசியில் வந்தவர் மிகுதியாகக் கொடுப்பதை நம்பித்தான் முன்னால் வந்தவருக்குக் குறைத்துக் கொடுக்க முடிகின்றது. நாமும் ஒருமுறை திருப்பயணக் குழுவோடு எட்டு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்து மலிவாகச் சென்றதுண்டு. சாமர்த்தியமாக வாங்கிவிட்டோம் என்று குழுவினர் அனைவரும் மகிழ்ந்தோம். புனித நாட்டுக்குச் சென்ற அந்த விமானத்தில், நமக்கு முன்வரிசையிலோ பின்வரிசையிலோ ஒருவர் தம் துக்கத்தோடு நம் கட்டணத்தின் ஒரு பகுதியையும் சுமந்து வந்திருக்கக்கூடும். அன்று அதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

முன்கூட்டி வாங்குவது பாவமன்று, அது விவேகம். ஆனால் விவேகத்தால் மிச்சப்பட்ட பணத்தின் மேல் ஒரு கடன் இருக்கின்றது. பயணச்சீட்டைத் தேர்ந்தெடுக்கும் எவரும், 'எது மலிவு?' என்று கேட்டபின் இன்னொன்றையும் கேட்டுக்கொள்வது நலம்: 'நான் மிச்சம் பிடிப்பதை யார் செலுத்துகின்றார்?' சில வேளைகளில் அது நம் வீட்டிலேயே இருப்பவராக இருக்கும். பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள எழுபது வயதுத் தாயை அழைக்கும் பிள்ளைகள், மிகக் குறைந்த விலையில் வாங்கிய சீட்டால் அவரை மொழி தெரியாத இரண்டு விமான நிலையங்களில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வைப்பதைக் கண்டிருக்கின்றோம். அந்த வேறுபாட்டைச் செலுத்தியவை அந்த அம்மையாரின் வீங்கிய கால்கள். வேறு சில வேளைகளில் அது முகம் தெரியாத அயலாராக இருக்கும். போகலாமா வேண்டாமா என்று உறுதியில்லாமலே, பணம் திரும்பக் கிடைக்கும் என்பதற்காக இரண்டு மூன்று நாள்களுக்கு இடம் பிடித்துவைத்து, கடைசியில் விட்டுவிடுவோர், உண்மையில் தேவைப்படுபவருக்கு முன்னால் வாசலை மறித்து நிற்கின்றார்கள். துக்கக் கட்டணம் பெறுவதற்காக இல்லாத இறப்பைச் சொல்பவர், உண்மையாகவே இறப்பு நேர்ந்த வீட்டாருக்கான சலுகையை ஒழித்துக்கட்ட உதவுகின்றார். அநீதியான விலையைக் குறைகூற நமக்கு உரிமை வேண்டுமானால், நம் கைகள் தூய்மையாக இருக்க வேண்டும்.

நம் மக்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. இழவு வீட்டில் அடுப்பு எரியாது. அண்டை அயலார் உணவு கொண்டுவருவர். முன்பெல்லாம் தொலைவிலுள்ள உறவினருக்குச் செய்தி சொல்ல ஊரே ஆள் அனுப்பும். துக்கப்படுபவர் தனியாகச் செலவைச் சுமக்கலாகாது என்ற அறிவு அவ்வழக்கங்களில் இருந்தது. இன்று இழவு வீட்டின் பெருஞ்செலவு பெட்டியும் பந்தலும் அல்ல, பயணச்சீட்டு. நமது அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் இதை எண்ணிப் பார்க்கலாம். அயல்நாட்டிலிருந்து ஓர் ஏழைத் தொழிலாளி தன் தாயின் அடக்கத்திற்கு வர வேண்டியிருந்தால், வட்டியின்றிக் கொடுத்து மெல்லத் திரும்பப் பெறும் ஒரு சிறு நிதி பங்குதோறும் இருந்தால் என்ன? அடிக்கடி பறப்போர், தம் பயணங்களுக்காக நிறுவனம் தரும் புள்ளிகளைச் சேர்த்துவைக்கின்றார்கள். அவற்றைக் கொண்டு இன்னொருவருக்குச் சீட்டு வாங்கித்தர பல நிறுவனங்கள் இடமளிக்கின்றன. விடுமுறைக்கு மலிவாகச் சென்றுவந்த குடும்பம், அந்த மலிவில் ஒரு பகுதியை இப்படித் திருப்பித் தந்தால், அது தர்மம் என்பதைவிடக் கடன் தீர்த்தல் என்றே சொல்லத்தகும்.

நல்ல சமாரியர் அடிபட்டவரைச் சாவடிக்குக் கொண்டுவந்து, சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். நாம் எப்போதும் சமாரியரைப் பற்றியே மறையுரை ஆற்றுகின்றோம். அந்தப் பொறுப்பாளரையும் ஒருமுறை நினைத்துக்கொள்வோம். உயிருக்குப் போராடும் ஒருவரோடு வந்தவரிடம் அவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். மறுத்துப் பேரம்பேசும் நிலையில் சமாரியர் இல்லை. ஆயினும் பொறுப்பாளர் அதைத் தமக்கு வாய்ப்பாக்கிக்கொண்டதாக ஆண்டவர் சொன்ன உவமையில் ஒரு சொல்லும் இல்லை. விற்பவராயினும் வாங்குபவராயினும், நம்மில் பெரும்பாலோருக்கு வாய்ப்பது அவருடைய இடந்தான்.

டொராண்டோவிலிருந்து வந்த அந்த மகனுக்கு நாம் பின்னர் கடிதம் எழுதினோம். 'உங்கள் தந்தையின் இறப்பை அவர்கள் அறியமாட்டார்கள். எனவே அதற்கு விலை வைக்கவில்லை. உங்களால் காத்திருக்க முடியாது என்பதற்கு விலை வைத்தார்கள். அதில் ஒரு பகுதி அவர்களுக்கு நியாயமாக உரியது. மற்றொரு பகுதி உரியதன்று' என்று எழுதி, வளைகுடாவில் இருக்கும் இன்னொரு மகனைப் பற்றியும் இரண்டு வரிகள் சேர்த்தோம். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. தந்தையின் ஆண்டு நினைவுக்கு ஊருக்கு வர முன்கூட்டியே பதிவு செய்துவிட்டதாகவும், இம்முறை மலிவாகக் கிடைத்ததாகவும் எழுதியிருந்தார். மிச்சப்பட்ட தொகையும் அதனுடன் வந்திருந்தது. யாருக்கு என்று அவர் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை.